தீவின் கப்பல் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

சென்னைத் துறைமுகம் என்றதும் மாத்தூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கண்முன் வருவது சாலையை அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள்தான். நிலக்கரி, கச்சா எண்ணெய், கார்கள், இரும்பு என்று சரக்கின் பேரிலேயே வடசென்னை தன் கடலை அறிந்து வைத்திருக்கிறது. அதே துறைமுகத்திலிருந்து மாதத்தில் சில தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டும் ஒரு கப்பல் புறப்படுகிறது. சேருமிடம் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள போர்ட் பிளேர். 2024 முதல் அதன் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பயணம் ஏறக்குறைய மூன்று நாள். டிக்கெட் வருமானத்தைக் கொண்டு இந்தக் கப்பலின் செலவை ஈடுகட்ட முடியாது. அரசுப் பணம் இருப்பதால்தான் ஓடுகிறது. வணிகக் கணக்கில் இது நட்டம். தீவில் வாழ்கிறவரின் கணக்கில் இது ஊருக்குப் போகும் பாதை. இவ்விரு கணக்குகளில் எதை வைத்து ஒரு தீவின் கப்பலை மதிப்பிடுவது என்பதில்தான் மற்ற எல்லாக் கேள்விகளும் அடங்கியிருக்கின்றன.

தீவு மக்களுக்கான பயணிகள் கப்பலைத் தனியார் தொழிலாக நடத்தலாம்; அரசுத் துறையாக நடத்தலாம்; லாபத்தைப் பங்கு பிரிக்காமல் சேவைக்கே திருப்பிவிடும் சமூக நிறுவனமாகவும் நடத்தலாம். மூன்றும் தமிழர் வாழும் கரைகளிலும் பிற நாடுகளிலும் நடந்து பார்க்கப்பட்டவை. அந்த அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. கப்பலின் செலவைப் பொதுப்பணம் தாங்க வேண்டும். அதை நடத்தும் அதிகாரம் அதில் ஏறிப்போகிற மக்களிடம் இருக்க வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் நிறுவனம் முழுகிப்போகும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் கப்பல் இருக்கும், சேவை இருக்காது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

பங்க் வகுப்பும் கப்பலின் கணக்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்ந்தவர்கள் 3,80,581 பேர். அங்கு வங்காளிகளுக்கு அடுத்த பெரிய மொழிச் சமூகங்களில் ஒன்று தமிழர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலவற்றை அரசு நிக்கோபார் குழுமத்திலுள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றியது. கட்டட வேலைக்கும் கடை வியாபாரத்துக்கும் போய் அங்கேயே தங்கியவர்கள் இன்னும் பலர். இவர்களுக்குச் சென்னைதான் கல்லூரி, பெரிய மருத்துவமனை, திருமணம், சாவு எல்லாம். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் அலுவலகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது. நான்கவுரி, நிக்கோபார், சுவராஜ் துவீப் ஆகிய கப்பல்கள் இத்தடத்தில் பழகிய பெயர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 பேரை ஏற்றக்கூடியது. மலிவான இடம் பங்க் வகுப்பு. கப்பலின் கீழ்த்தளத்தில் நீளக் கூடம், வரிசை வரிசையாக அடுக்குப் படுக்கைகள், பொதுக் கழிப்பறை, நேரத்துக்குச் சாப்பாடு போடும் கேன்டீன். விமானத்தில் சுமக்க முடியாத மூட்டையும் பாத்திரமும் பெட்டியும் படுக்கையடியில் கிடக்கும். தீவுவாசி அடையாள அட்டை உள்ளவருக்குக் கட்டணம் குறைவு, வெளியாளுக்கு அதிகம். இந்த இரட்டைக் கட்டணத்துக்குள் ஒரு கொள்கை உண்டு: சுற்றிப்பார்க்க வருகிறவர் கூடுதலாகத் தரட்டும், அங்கேயே வாழ்கிறவர் தன் வீட்டுக்குப் போவதற்காகக் கடன்பட வேண்டியதில்லை.

இக்கொள்கை வெறும் இரக்கத்தில் பிறந்ததன்று. கப்பலின் செலவு அமையும் விதமே இதற்கு நியாயம் சொல்கிறது. பயணிகள் கப்பலின் பெருஞ்செலவுகள் நான்கு: கட்டுமானச் செலவு, மாலுமிகளின் சம்பளம், எரிபொருள், குறித்த காலத்துக்கு ஒருமுறை டிரை டாக்கில் ஏற்றிச் செய்யும் பழுதுபார்ப்பும் சோதனையும். இந்நான்கில் எதுவும் பயணிகளின் எண்ணிக்கையால் பெரிதாக மாறுவதில்லை. நாற்பது பேர் ஏறினாலும் எண்பது பேர் ஏறினாலும் ஒரு படகுக்கு அதே மாலுமிகள் வேண்டும், ஏறக்குறைய அதே டீசல்தான் எரியும். ஆகவே இடம் காலியாக இருக்கும்போது இன்னொருவரை ஏற்றிக்கொள்வதற்கு ஆகும் கூடுதல் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் முழுச்செலவையும் பயணிகள் தலையில் கட்டினால் கட்டணம் ஏறும், ஆட்கள் குறைவார்கள், குறைந்தவர்கள் மீது கட்டணம் மேலும் ஏறும். பாலச் சுங்கத்தைப் பற்றி 1844இல் எழுதிய பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புய் இதே நியாயத்தைத்தான் எடுத்துவைத்தார்: கட்டிய பாலத்தைக் கடக்க ஒருவரைச் சுங்கம் தடுத்தால் அவருக்கு நட்டம், பாலத்துக்கோ அதனால் ஒரு காசும் மிச்சமில்லை. சாலைக்கு இந்த நியாயத்தை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பொன்னேரி நெடுஞ்சாலை இந்த ஆண்டு எவ்வளவு லாபம் தந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடல் குறுக்கிட்டவுடன் மட்டும் அந்தக் கேள்வி எழுகிறது.

கடல்வழியும் சாலைதான்

இந்த லாபக் கேள்வி எழாத இடங்களும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கேயுள்ள தீவுகளில் ஒன்று நெடுந்தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். மக்கள் சில ஆயிரம் பேர். பண்ணைப் பாலத்தில் தொடங்கும் சாலை வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அரிசி மூடை, எரிவாயு சிலிண்டர், மோட்டார் சைக்கிள், பள்ளி ஆசிரியர், கர்ப்பிணி எல்லாமே அந்த இறங்குதுறையில்தான் படகேற வேண்டும். பல்லாண்டுகளாக இத்தடத்தில் ஓடிய குமுதினிப் படகு இலங்கையின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளது; பயணிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. தார்ச்சாலை போடும் நிறுவனமே கடல்வழிக்கும் பொறுப்பேற்றிருப்பது சரியான ஏற்பாடு. சாலை கடலோரத்தில் முடிந்துவிடவில்லை, படகாக மாறித் தொடர்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சமம். 1985 மே 15 அன்று இதே குமுதினியில் நடுக்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் தீவினர் அதே தடத்தில்தான் போய்வர வேண்டியிருந்தது. தீவுக்குக் கப்பல் என்பது விருப்பத்தால் தேர்ந்துகொள்ளும் வசதியன்று என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்து இதே நியாயத்தைக் கட்டணச் சூத்திரமாகவே ஆக்கிக்கொண்டது. அதன் மேற்குத் தீவுகளுக்கு ஓடும் கால்மாக் கப்பல்கள் அரசுக்குச் சொந்தமானவை. 2008இல் சோதனையாகத் தொடங்கி 2015க்குள் அந்தக் கப்பல் தடங்கள் முழுவதிலும் நடைமுறைக்கு வந்த 'சாலைக்கு நிகரான கட்டணம்' என்ற திட்டத்தின்படி, கப்பல் கட்டணம் அதே தூரத்தைச் சாலையில் கடக்க ஆகும் செலவை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. கேரளத்தில் 1968 முதல் தனித் துறையாக இயங்கும் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை, காயல் தீவுகளுக்கு ஏறத்தாழ பஸ் டிக்கெட்டுக்கு ஒப்பான கட்டணத்தில் படகு விடுகிறது. 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ ஒருபடி மேலே போய், பத்துத் தீவுகளை நகரத்தோடு இணைக்கும் திட்டத்தோடு மின்படகுகளை இறக்கியது. இதில் குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். இவை எல்லாம் வெவ்வேறு அரசியல், வெவ்வேறு வருமான நிலை கொண்ட இடங்கள். கடல்வழியைச் சாலையாகக் கருதி அதன் செலவைப் பொதுவில் பகிர்ந்துகொள்வதில் மட்டும் அவை ஒன்றுபடுகின்றன.

தனியார் படகு போதாதா?

இங்கே முதல் மறுப்பு எழும். அரசு எதற்கு? தேவை இருந்தால் படகுக்காரர் தாமாக வருவார். போட்டியில் கட்டணம் குறையும் என்பது அந்த மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் தனியார் படகுகள் ஓடுகின்றன. அவை இல்லையென்றால் பல நாள் கரையிலேயே நிற்க வேண்டிவரும். ஆனால் தனியாருக்குக் கட்டுபடியாவது கூட்டமுள்ள நாளும் கூட்டமுள்ள தடமும்தான். நயினாதீவுக்குக் கோயிலும் விகாரையும் ஆட்களைக் கொண்டுவருகின்றன. திருவிழாவும் யாத்திரையும் இல்லாத தீவில் மழைக்காலத்து மாலையில் ஆறு பேருக்காகப் படகு எடுப்பவருக்கு அது நட்டம். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவரை ஏற்றிவருவது எந்த வியாபாரக் கணக்கிலும் சேராது. தீவு வாழ்க்கைக்கு மிகவும் தேவைப்படுவதோ அந்த ஆறு பேர் பயணமும் நள்ளிரவுப் பயணமும்தான்.

கட்டணத்தைக் காட்டிலும் பெரிய ஆபத்து பாதுகாப்பில் இருக்கிறது. பொறுப்பான பயணிகள் படகு இல்லாத நீர்நிலையில் கிடைத்த படகு பயணிகள் படகாகிவிடும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு முகத்துவாரப் பகுதியில் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மாத்தூரிலிருந்து வடக்கே சில மணி நேரத்தில் போய்வரக்கூடிய ஏரியில் நடந்தது அது. திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுவந்த காலத்தில் மக்கள் கடக்க இருந்தது தனியார் மிதவை ஒன்று. 2021 நவம்பர் 23 அன்று அது கவிழ்ந்ததில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். இரண்டு இடத்திலும் படகோட்டியின் பேராசையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. உயிர்காப்பு அங்கியும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் பயிற்சி பெற்ற மாலுமியும் செலவு வைப்பவை. ஏற்றும் தலைக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கிறவரிடம் தலையைக் குறைக்கச் சொல்வது அவர் வருமானத்தைக் குறைக்கச் சொல்வதாகும். வருமானம் தலை எண்ணிக்கையைச் சார்ந்திராத ஏற்பாட்டில்தான் பாதுகாப்பு விதி இயல்பாக நிற்கும்.

அரசு நடத்தினால் மட்டும் போதுமா?

அப்படியென்றால் எல்லாவற்றையும் அரசுத் துறையிடம் விட்டுவிடலாமே என்பது அடுத்த யோசனை. ஆனால் 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன கேரள அரசுப் படகு ஏ-53 வேம்பநாட்டுக் காயலில் முழுகி 29 பேர் இறந்தனர். அரசு வேலைத் தேர்வு எழுதப் போனவர்களால் அன்று படகு நிரம்பி வழிந்தது. தேர்வு நாளில் கூட்டம் வரும் என்று கரையில் தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்கும். கால அட்டவணை போடும் இடத்துக்கு அது எட்டவில்லை. உரிமையாளர் அரசு என்பதால் மட்டும் படகு பாதுகாப்பாகிவிடாது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைப் பாருங்கள். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' கோலாகலமாகப் புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி 20ஆம் தேதியோடு சேவை நின்றது. அக்டோபர் நடுவில் அந்தக் கடல் எப்படி மாறும் என்பது நாகை மீனவர் எவரும் சொல்லக்கூடிய செய்தி. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று வேறொரு கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியபோது பத்து மாதம் கழிந்திருந்தது.

பணக்கார நாடும் இதற்கு விலக்கில்லை. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவுக்காக 2015இல் ஒப்பந்தம் செய்யப்பட்ட 'கிளென் சானக்ஸ்' கப்பல் 2018இல் ஓட வேண்டியது. பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் கட்டிய தளமே திவாலாகி அரசுடைமை ஆனது, செலவு பன்மடங்காயிற்று. பழைய கப்பல்கள் பழுதாகி நின்ற நாட்களில் தீவுக் கடைகளில் பொருள் தட்டுப்பாடும் விடுதிகளில் வருமான இழப்பும் ஏற்பட்டன. கப்பல் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் தீவில் வாழ்பவர்களுக்கு இடம் வேண்டும் என்று அந்த மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது இதனால்தான். நம் அந்தமான் கப்பலுக்கும் இது பொருந்தும். மானியம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. ஆனால் பயண அட்டவணை முன்கூட்டியே உறுதியாகத் தெரிவதில்லை. ஒரு கப்பல் டிரை டாக்குக்குப் போனால் தடமே தள்ளாடுகிறது. கல்லூரி திறக்கும் வாரத்திலும் பொங்கல் வாரத்திலும் கூடுதல் பயணம் வேண்டும் என்று கேட்க முடிகிற பயணிகளுக்கு அதைத் தீர்மானிக்கும் மேசையில் நாற்காலி இல்லை. கப்பல் நின்றால் தன் பிழைப்பு நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் ஒருவரும் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாததே அரசுச் சேவையின் அடிப்படைக் குறை.

மக்கள் நடத்திய கப்பல்கள்

மக்களே கப்பல் நடத்த முடியுமா என்ற ஐயத்துக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு முந்தைய பதில் ஒன்று இருக்கிறது. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றக் கிளம்பியது. மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பெருவணிகர்களும் ஜமீன்தார்களும் மட்டும் அல்லாமல் சாமானியரும் வாங்கக்கூடிய விலையில் பங்கை வைத்தார் வ.உ.சிதம்பரம் பிள்ளை. பாண்டித்துரைத் தேவர் தலைமை ஏற்க, தமிழ்நாடெங்கும் பங்கு திரட்டப்பட்டது. 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்துசேர்ந்தன. அவர்களை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு ஒரு தடத்தின் நட்டத்தை உலகம் சுற்றும் மற்றத் தடங்களின் வருமானத்தால் தாங்கிக்கொள்ளும் வசதி இருந்தது. அது கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது. அரசின் ஆதரவும் அதன் பக்கமே நின்றது. 1908இல் வ.உ.சி. கைதாகித் தண்டிக்கப்பட்டார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இந்தத் தோல்வியை மக்களின் திறமைக்குறைவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. இரண்டாண்டுக்குள் முதல் திரட்டி, கப்பல் வாங்கி, சர்வதேசத் தடத்தில் ஓட்டிக் காட்டிய நிறுவனம் அது. அதற்கு இல்லாமல் போனது அரசின் துணை. அரசே எதிரியாக இருந்த காலத்தில் அது எங்கிருந்து வரும்?

அரசு எதிரியாக இல்லாத இடத்தில் மக்கள் படகு என்ன செய்யும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளெனெல்க் படகுத்துறை எடுத்துக்காட்டு. பெருநிலத்துக்கும் ஸ்கை தீவுக்கும் இடையிலுள்ள குறுகிய நீரிணையில் ஓடும் 'கிளெனாகுலிஷ்' 1969இல் கட்டப்பட்ட சிறிய கார்ப் படகு. மேல்தளத்தை மாலுமிகள் கையாலேயே தள்ளித் திருப்பி, கார் இறங்கும் பக்கத்தைக் கரைக்கு நேராகக் கொண்டுவருகிறார்கள்; அப்படிப்பட்ட படகு உலகில் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1995இல் வேறிடத்தில் ஸ்கை பாலம் திறந்த பிறகும் படகு ஓடியது. நடத்திவந்தவர் விலகிக்கொள்ள நேர்ந்தபோது, 2007இல் உள்ளூர் மக்கள் சமூக நலக் கம்பெனி ஒன்றை அமைத்துப் படகை வாங்கினார்கள். பருவகாலத்தில் வரும் சுற்றுலாப் பயணிகளின் கட்டணத்தால் அது ஓடுகிறது. மிஞ்சுவது படகுக்கும் ஊருக்குமே திரும்புகிறது. ஆனால் இந்த வெற்றியின் எல்லையையும் சொல்ல வேண்டும். அருகில் பாலம் இருக்கிறது. குளிர்காலத்தில் படகு நின்றாலும் யாருக்கும் மருந்து தட்டுப்படாது. சுற்றுலாவே இல்லாத, ஆண்டு முழுதும் படகு வேண்டிய தீவுக்கு மக்கள் உரிமை மட்டும் தீர்வாகாது. சுதேசிக் கம்பெனியும் கிளெனெல்க் படகும் சேர்ந்து உணர்த்துவது இதுதான்: மக்களிடம் திறமையும் அக்கறையும் உண்டு, ஆழமான பணப்பை இல்லை.

ஆக, தேவைப்படும் அமைப்பின் வடிவம் தானாகத் துலங்குகிறது. படகும் இறங்குதுறையும் அரசின் சொத்தாக இருக்கட்டும். எக்காலத்திலும் விற்கவோ அடகு வைக்கவோ இயலாத பொதுச்சொத்து. ஓட்டும் பொறுப்பு கூட்டுறவுச் சங்கத்திடமோ, லாபம் பிரிக்கத் தடையுள்ள 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவுக் கம்பெனியிடமோ இருக்கட்டும். அதன் நிர்வாகக் குழுவில் தீவுவாசிகள் பெரும்பான்மை, பெண்களுக்கும் படகுத் தொழிலாளிகளுக்கும் உறுதியான இடம். அரசுக்கும் அந்த நிறுவனத்துக்கும் நடுவே பல ஆண்டு ஒப்பந்தம். தினமும் எத்தனை நடை, இரவு அவசரத்துக்கு எத்தனை நிமிடத்தில் படகு, பழுதுபார்க்கும் நாட்களில் மாற்றுப் படகு எங்கிருந்து என்பவை அதில் எழுதப்பட வேண்டும். அரசு பணம் தருவது ஏறிய தலைகளுக்காக இருக்கக்கூடாது, ஓட்டிய நடைகளுக்காக இருக்க வேண்டும். அப்போதுதான் ஆறு பேருக்கான மாலை நடையும் ஓடும், கூட்ட நாளில் அளவுக்கு மேல் ஏற்றும் ஆசையும் எழாது. உள்ளூராருக்குப் பஸ் கட்டணம். சுற்றுலா வருபவருக்கு அதிகக் கட்டணம், அந்தமான் கப்பலில் இருப்பதைப் போல.

எஞ்சும் மறுப்புகள்

இந்த அமைப்புக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது மானியத்தைப் பற்றியது. சில ஆயிரம் பேருக்காக எல்லாருடைய வரிப்பணத்தையும் செலவிடலாமா? தமிழ்நாடு இக்கேள்விக்குத் தரையில் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணிக்கிறார்கள். அந்த இழப்பை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. போக்குவரத்துக்குக் கொடுக்கும் பணம் வேலையாக, படிப்பாக, மருத்துவமாகத் திரும்பிவருகிறது என்ற நியாயத்தில் நிற்கும் திட்டம் அது. நீரின்மேல் பயணிப்பவருக்கு அந்த நியாயம் ஏன் பொருந்தாது? தலைக்கு ஆகும் செலவு தீவில் கூடுதல்தான். மலைக்கிராமத்துச் சாலைக்கும் மின்கம்பத்துக்கும் அப்படித்தான் ஆகிறது. அதற்காக மலையைக் கைவிடுவதில்லை.

பாலம் கட்டிவிட்டால் தொல்லை தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. குறுகிய நீர்வெளியில் பாலம் நல்லதே. கட்டக்கூடிய இடத்தில் கட்டட்டும். நெடுந்தீவுக்கும் அந்தமானுக்கும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆழமில்லாத, சூழல் நுட்பம் மிகுந்த காயல்களில் தூண் இறக்கி மண் மேடிட்டால் நீரோட்டம் தடைபட்டு மீன்வளம் அழியும். எந்த மக்களுக்காகப் பாலமோ அவர்கள் பிழைப்பையே அது பறிக்கும். மூன்றாவது மறுப்பு, கப்பல் நடத்துவது தொழில்நுட்பம் தெரிந்தவர் வேலை, மீனவக் குடியிருப்பு நடத்த முடியாது என்பது. 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், கடல்தர ப்ளைவுட் படகுகளைத் தன் சொந்தப் படகுத்தளங்களில் கட்டி, எஞ்சின் விற்பனை, பழுதுபார்ப்பு, கடன் வரை நடத்திக் காட்டிய மீனவர் கூட்டுறவு. தேர்ச்சி பெற்ற மாஸ்டரையும் எஞ்சின் டிரைவரையும் சம்பளத்துக்கு அமர்த்தலாம்; எந்த நேரம் எந்தத் துறையில் படகு நிற்க வேண்டும் என்ற அறிவைச் சம்பளத்துக்கு வாங்க முடியாது.

எரிபொருள் செலவு என்ற பழைய தடையும் தளர்ந்துவருகிறது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் கேரளத்தின் 75 இருக்கை 'ஆதித்யா' சூரிய மின்படகு, டீசல் படகு நாளொன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் எரிக்கும் இடத்தில் சில நூறு ரூபாய் மின்சாரத்தில் ஓடுகிறது. விலை அதிகம், நடைச்செலவு குறைவு என்ற இந்த அமைப்பு நான் சொல்லும் ஏற்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும்: பெருந்தொகையை ஒருமுறை அரசு போடும், தினச்செலவைச் சிறிய சங்கமும் சமாளிக்கும். மாறாக, 2017இல் வெளிநாட்டு உதவியில் கட்டப்பட்டு நெடுந்தீவுப் பிரதேச சபையிடம் ஒப்படைக்கப்பட்ட 'நெடுந்தாரகை' போன்ற டீசல் கப்பலில், படகு இலவசமாக வந்தாலும் டீசலும் பராமரிப்பும் வருமானம் குறைந்த ஓர் உள்ளூர் சபையின் தலையில் விழுகின்றன. படகைக் கொடுப்பதோடு கொடையாளியின் கடமை முடிகிறது, ஓட்டுவதற்கான பணம் யாருடையது என்பது எழுதப்படாமல் போகிறது.

இதையெல்லாம் வடசென்னையிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. 1974இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகம் அனல்மின் நிலையங்களுக்காக எண்ணூர்த் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றிவருகிறது. அதே கழகம் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விடுகிறது. ஆகக் கப்பல் நடத்தத் தெரிந்த பொது நிறுவனம் நம்மிடம் இருக்கிறது. பயணிகளை ஏற்றிய அனுபவமும் அதற்கு உண்டு. அது ஏற்றாதவர்கள் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைச் சுற்றி வாழ்கிறார்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கேயுள்ள இருக்கம் தீவு மக்களுக்குக் கரையேறப் படகைத் தவிர வழியில்லை. இரண்டு மாநிலமும் ஒன்றுகூடி ஒப்பந்தம் போட வேண்டிய இடம் இது. பூம்புகார் கழகம் படகையும் சோதனையையும் மாலுமிப் பயிற்சியையும் ஏற்கட்டும். ஏரிக்கரைக் கிராமங்களின் கூட்டுறவு நடையையும் கட்டணத்தையும் தீர்மானிக்கட்டும். 2011 விபத்துக்குப் பின் போட்ட தடைகள் உல்லாசப் படகை நிறுத்த முயன்றன. தடை விதிப்பது எளிது. பாதுகாப்பான படகு ஒன்றை ஓட்டிக் காட்டுவதுதான் அரசின் வேலை. முதலில் ஒரு தடம், இரண்டு படகு, ஐந்தாண்டு ஒப்பந்தம், கணக்கு ஆண்டுதோறும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை. இதற்கு ஆகும் தொகை வடசென்னையில் ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இந்த அளவில் செய்து காட்டிய பிறகு, அந்தமான் கப்பலின் அட்டவணையைத் தீர்மானிக்கும் குழுவிலும் தீவுவாசிகளுக்கு நாற்காலி கேட்பது நியாயம் மட்டுமல்ல, நடைமுறைக்கு ஒத்ததென்றும் எவராலும் மறுக்க முடியாது.